மூன்றாம் வரிசை, பதினோராம் கல்

சனிக்கிழமை. உம்சிண்டோவில்
கரும்பு வெட்டு தொடங்கிவிட்ட ஜூன்.
பூபாலன் படயாச்சியின் கோழி ஏற்றும் வண்டியில்
புல்வெட்டி இரண்டு, சுண்ணாம்பு ஒரு வாளி,
கோகிலம் தன் வீட்டில் கழற்றிய குளியலறைக் கண்ணாடி.
எல்லாவற்றின் மேலும் இறகு வாசம்.

நாங்கள் ஐந்து பேர். போன மாதம் ஒன்பது.
அந்த நால்வரைக் குறை சொல்வதற்கில்லை.
ஒருவருக்கு முட்டிவலி, ஒருவர் வீட்டில் கல்யாணம்,
இருவர் பாம்பைப் பார்த்துவிட்டார்கள்.

தண்டவாளத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவில்
யாருக்கும் வேண்டாத முக்கோணம் இது.
கம்பெனி வரைபடத்தில் ‘சாகுபடிக்கு ஆகாது’.
ஆகாத மண்ணில்
இதுவரை இருநூற்றுப் பதினேழு பேரை எண்ணியிருக்கிறோம்.

முதல் இரண்டு வரிசையும் எண்கள்தான்.
கப்பலேறும்போது கிடைத்த எண்,
தகரத்தில் ஆணியால் குத்தியது.
துருவைச் சுரண்டினால் போதும், வேலை முடிந்தது.
மூன்றாம் வரிசை பதினோராம் கல்லில்தான்
தமிழ் தொடங்குகிறது.

கோகிலம் முப்பது வருடம் எக்ஸ்ரே எடுத்தவள்.
கண்ணாடியைச் சாய்த்து
வெயிலைக் கல்லின் மேல் பக்கவாட்டில் அனுப்பினாள்,
உடைந்த விலாவைத் தேடுகிறவள் போல.
எழுத்துகள் நிழலோடு எழுந்து நின்றன.

படயாச்சியுடையது போனில் படித்த தமிழ்.
விரலை வைத்து, உரக்க,
அ. ங. க. ம. மா. ள.
இது என்ன பெயர்? என்றான்.
அங்கம்மாள், என்றேன்.
அப்படிப் போடவில்லையே.
போடவில்லைதான்.

மூன்று புள்ளி வேண்டும். ஒன்றுகூட இல்லை.
தேய்ந்துபோனதா, வைக்காமலே விட்டதா?
கோகிலம் கண்ணாடியை நாலு பக்கமும் திருப்பினாள்.
குழி இல்லை. கீறல் இல்லை.
செதுக்கியவனுக்குத் தமிழ் தெரியாதோ,
புள்ளிக்குத் தனிக்கூலி கேட்டு
இல்லையென்றார்களோ.

வைத்துவிடுவோம், என்றான் படயாச்சி.
கறுப்புப் பெயின்ட், ஒரு நிமிஷ வேலை.
குமாஸ்தா காதில் விழுந்தபடிதான்
நான் படயாச்சி, நீ மூட்லி.
நம்மைத் திருத்த ஆளில்லை,
இவளையாவது திருத்துவோம்.

எழுத்து தெரிந்தவள் நான் என்று
தூரிகையை என் கையில் கொடுத்தார்கள்.
ஙகரத்தின் தலைக்கு மேல் கொண்டுபோனேன்.
நின்றேன்.

புள்ளி வைத்தால் மெய்.
வைக்காதவரை அதற்குள் ஓர் அகரம் இருக்கிறது,
சின்ன மூச்சாக.
இத்தனை மழைக்கும் இத்தனை கரும்புப் புகைக்கும்
இவள் மூன்று மூச்சைப் பிடித்து வைத்திருக்கிறாள்.
கடைசி எழுத்தில் வாய்கூட மூடவில்லை.

இதை அவர்களுக்கு ஆங்கிலத்தில் சொல்லப் பார்த்தேன்.
வரவில்லை.
கை வலிக்கிறது என்றேன்.

அப்போது வேலிக்கு அப்பாலிருந்து
மேஸ்திரி ம்லுங்கிசி கத்தினான்,
நெருப்பு வைக்கிறோம், ஓடிவிடாதீர்கள்!
காற்று எங்கள் பக்கம்.
சடசடவென்று தோட்டம் பேசத் தொடங்கியது.
கொஞ்ச நேரத்தில் கரி,
இப்போதுதான் வெள்ளையடித்த கற்களின் மேல்,
தகர எண்களின் மேல், கோகிலத்தின் தொப்பி மேல்,
புள்ளி புள்ளியாக.

அங்கம்மாளுக்கும் விழுந்தது.
ஙகரத்தில் இல்லை, மகரத்தில் இல்லை.
அகரத்தின் உச்சியில் ஒன்று,
எந்த இலக்கணமும் இடம் கொடுக்காத இடத்தில்.
படயாச்சி ஈரத்துணியால் துடைத்தான்.
அது இன்னும் பெரிதாக அப்பிக்கொண்டது.

நோட்டில் எழுதினேன்:
வரிசை 3, கல் 11. பெண். பெயர் உள்ளபடி.
பெயின்ட் பற்றி அடுத்த சனிக்கிழமை.

இருட்டும்போது வண்டி கிளம்ப மறுத்தது.
ம்லுங்கிசி வேலி தாண்டி வந்து தோள் கொடுத்தான்.
சேர்ந்து தள்ள ஒரு தாளம் வேண்டுமே.
ஸ்டியரிங்கிலிருந்து படயாச்சிதான் ஆரம்பித்தான்.
அ! என்றான். தள்ளினோம்.
ங! க!
ம்லுங்கிசியும் கூடவே, ம! மா!

ளகரத்தில் என்ஜின் பிடித்தது.