நாற்பத்தாறு சாண்

கணபதியில், லேத் பட்டறைக்கு மேலே இரண்டாம் மாடி.
கீழே கெம்புராஜ் பம்பு உருளையைக் கடைகிறபோதெல்லாம்
என் தேநீரில் வட்டம் எழும்.
அந்த மேசையில்தான் நான்
ஒரு நொடியை நூறு கோடியாய்க் கிழித்துப் பார்க்கிறேன்.

வேலை இவ்வளவுதான்:
மொட்டைமாடியில் கவிழ்த்த கிண்ணமாய் ஆன்டெனா.
செயற்கைக்கோள்களைக் கேட்டுக் கேட்டு
ரிசீவர் நொடிக்கொரு துடிப்பை விடும்.
அளவு சரிபார்த்த தாய் ரிசீவர் கைப்பிடித்து நடத்தும்
ருபீடியமும் ஒன்று விடும்.
எது பிந்தியது, எவ்வளவு பிந்தியது,
கவுண்டர் எண்ணிச் சொல்லும்.
கருவியின் பெயர் அது.
கெம்புராஜ் மாடியேறி வந்தால்
அதனிடம் "சௌக்கியமுங்களா" என்று கேட்டுவிட்டுத்தான்
என் பக்கம் திரும்புவார்.

ஆடிக் காற்று.
பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து
கொடியில் போட்ட துணியெல்லாம் கொண்டுபோன வாரம்.
உடுமலைப் பக்கத்துத் துணைமின் நிலையத்திலிருந்து
நாச்சிமுத்து மூன்று ரிசீவர்களைத்
தீவனச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார்.
"எது பொய் சொல்லுதுன்னு பாத்துச் சொல்லுங்."

இரண்டு இரவு ஓடவிட்டேன்.
திரையில் புள்ளிகள் ரம்பப் பல்லாய் ஏறி இறங்கின.
அது குற்றமில்லை:
உள்ளே இருக்கும் படிகம் தன் படியில்தான் கால் வைக்கும்,
அரைப்படி அதற்குத் தெரியாது.
குற்றம் வேறு.
மூன்றும், ஒன்று சொன்னாற்போல்,
நாற்பத்தாறு நானோ நொடி பிந்தி வந்தன.

மூன்று பேர் ஒரே பொய்யைச் சொன்னால்
கேட்கிற காதைத்தான் சோதிக்கவேண்டும்.

அலமாரியை இழுத்தேன்.
பின்னால் தூசிக்குள், பாம்பு உறங்குவதுபோல்
சுருட்டிக் கட்டிய கேபிள்.
இருபது மீட்டர் என்று காகிதத்தில் இருக்கிறது,
இருபதுக்குரிய தாமதத்தைத்தான் கழித்திருக்கிறேன்.
லிங்கேஸ்வரனைக் கூப்பிட்டேன்.
"வெட்டுனா வீணாப் போகுமேன்னு சுத்தி வெச்சனுங்க்கா."

கேபிளுக்குள் சமிக்ஞை
நானோ நொடிக்கு ஒரு சாண் நடக்கும்.
என் சாண். சின்னக் கை.
தரையில் உட்கார்ந்து அளந்தேன்,
பூக்காரி முழம் போடுவதுபோல.
நாற்பத்தைந்து, நாற்பத்தாறு,
மேலே ஒரு கட்டைவிரல்.

எண்சாண் உடம்பு என்கிறார்கள்.
அப்படியானால் நான் எட்டு நானோ நொடி நீளம்.
அதில் சிரசுக்கு ஒன்று வரும்.
அந்த ஒன்று ஒழுங்காய் வேலை செய்திருந்தால்
போன மாதமே தெரிந்திருக்கும்.

போன மாதம் பெருந்துறைக்காரர்களின் ஏழு ரிசீவர்கள்
இதே கேபிளில்தான் தொங்கின.
ஏழும் பிந்துகின்றன என்று
ஏழு தாளில் கையெழுத்திட்டவள் நான்.

போன் போட்டுச் சொன்னேன்.
"எங்குளுக்கு மைக்ரோ நொடியே சாஸ்திங்.
உட்டுத் தள்ளுங்."
ஆயிரத்தில் நாற்பத்தாறு அவருக்கு உமி.
எனக்கு அது, நான் போட்ட கையெழுத்து.
ஏழையும் மறுபடி அச்சடித்தேன்.
'திருத்தம்' என்ற சொல்
தலைப்புக்குக் கீழே கூசிக்கொண்டு நின்றது.

வெட்டிய துண்டு இப்போது ஆணியில்.
"சும்மாதான கெடக்குது, குடுங்" என்றார் கெம்புராஜ்.
கொடுக்கவில்லை.
லிங்கேஸ்வரன் அதைக் கடக்கும்போது
வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறான்.
நானுந்தான்.

நாலு மணிக்குக் கரண்ட் போனது.
கீழே லேத் முனகி நின்றது.
யூபிஎஸ் கீச்சிட்டது.
கவுண்டர் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது:
இரண்டு. மைனஸ் மூன்று. ஒன்று.
மைனஸ் இரண்டு.