ஆட்காட்டியின் முதல் வரி

ஐந்து மணி பத்து நிமிடம்.
வாலிநோக்கம் பள்ளிவாசலில் பாங்கு முடிந்து
ஒலிபெருக்கி ஒருமுறை இருமி அடங்குகிறது.
உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவே
குடை விரித்த உடைமரங்கள்.
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்தேன்.
ஆனாலும் ஆட்காட்டி சொல்லிவிட்டது,
எல்லோருக்கும், மூன்று முறை.

நோட்டில் நான்கு கட்டங்கள்:
நேரம். யார். யாருக்கு. பதில் என்ன.
முதல் வரி எழுதுகிறேன்.
5.12. ஆட்காட்டி. எல்லோருக்கும். என்னைப் பற்றி.
பதில்: மௌனம்.
பதினேழு நாளாக முதல் வரி இதுவேதான்.

மௌனத்தை உடைப்பது கௌதாரி.
ஒன்று தொடங்க, ஓடைக்கு அந்தப்பக்கம் இன்னொன்று
அதன் வாக்கியத்தைப் பாதியில் பிடுங்கி முடிக்கிறது.
இரண்டும் மூச்சு வாங்கும் இடத்தில்
சந்து கிடைத்தால் போதும் என்று
கதிர்க்குருவி தன் ஊசியைக் குத்தி எடுக்கிறது.
மறுபடி கௌதாரி. மறுபடி ஊசி.
குரலை எழுதிவிடலாம்.
அதற்கு முன் அது காத்திருந்ததை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

வெளுக்கிறது.
தவிட்டுக்குருவிகள் ஏழும் இறங்கி
ஒரே வழக்கை ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு
சருகு புரட்டுகின்றன.
மேல்கிளையில் கரிச்சான், வால் பிளந்த கறுப்பு.
திடீரென்று வல்லூறு கத்துகிறது.
வானத்தில் வல்லூறு இல்லை.
குருவிகள் முள்ளுக்குள் சிதற,
விட்டுப்போன பச்சைப்புழுவைக்
கரிச்சான் நிதானமாக எடுத்துக்கொள்கிறது.

5.48. கரிச்சான், வல்லூறின் குரலில்.
யாருக்கு: தவிட்டுக்குருவிக்கு.
பதில்: நம்பிக்கை
என்று எழுதி, அடித்து,
ஓட்டம் என்று திருத்தினேன்.

மோட்டார் அறை சீனி இபுறாகிம்
டீத் தூக்கோடு வந்து நிற்கிறார்.
"தெனமும் ஏமாறுதுகளே, புத்தி வராதா?"
ஒருநாள் நிஜமாகவே வல்லூறு வருமே, என்றேன்.
கொஞ்ச நேரம் யோசித்தார்.
"பாம்பன்ல மூணாம் நம்பர் கூண்டு ஏத்துறாப்புல.
பத்துத் தடவை ஒண்ணுமிருக்காது.
பதினொண்ணாந் தடவையும்
வள்ளத்த இழுத்துக் கரையிலதான் போடுறோம்."
டீ கொஞ்சம் உப்புக் கரித்தது.
தண்ணீரா, காற்றா, தெரியவில்லை.

ஆறு மணிக்கு அவர் மோட்டாரைப் போட்டால்
எல்லாச் சந்தும் அடைபட்டுவிடும்.
அதற்குள் பேசி முடித்துவிடத்தான்
இத்தனை அவசரமோ என்று ஒரு சந்தேகம்.
எழுதவில்லை. பதினேழு நாள் போதாது.

இன்று பதினெட்டு.
அதே வழி, அதே செருப்பு.
பாத்தி வரப்பில் நின்ற ஆட்காட்டி
தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது.
பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன்.
அது திரும்பி, வரப்போடு நடந்து,
எதையோ கொத்தத் தொடங்கியது.

சந்தோஷப்பட வேண்டியதுதானே?
என்னவோ, வருகைப் பதிவேட்டில்
என் பெயரை மட்டும் தாண்டி
அடுத்த பெயரை வாசித்த மாதிரி இருந்தது.

5.12. ஆட்காட்டி.
மற்ற கட்டங்களில் கோடு இழுப்பதா,
அப்படியே விடுவதா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே
ஓடைக்கு அந்தப்பக்கம்
கௌதாரி ஆரம்பித்துவிட்டது.