எழுநூறு, நூறு, ஊறு

வாழைச்சேனை ஐஸ் ஃபக்டரிக் கொம்பிரசர்
பதினாறு வருஷமாக ஒரே சுரத்தில் நிற்கிறது.
நான் அதற்கு இரவு ஆள்.
எண்ணெய் பார்ப்பேன், அமுக்கம் பார்ப்பேன்,
அரை மணிக்கொருதரம் கொப்பியில் ஓர் எண்.
சத்தம் என்றுகூட அதை நினைத்ததில்லை,
ஹில்மி வந்து சுவரில் காதை வைக்கும்வரை.

ஓட்டமாவடியில் அவனுக்குச் சவுண்ட் சேர்விஸ்.
கலியாணம், கட்சிக் கூட்டம், கால்பந்து.
ஆள் உயரப் பேஸ் பெட்டி நாலு.
கல்குடாவில் வாங்கிய ஒன்று கடல் குடித்தது,
அதுதான் நல்லாய் உறுமும்.
"மச்சான், தம்பூராவுக்குக் கை நோகும்,
இதுக்கு மீன் மட்டுந்தான் நாறும்" என்றான்.

நீட்டுவது என் பங்கு.
வெட்டுவது அவன் பங்கு.
பாட்டிலிருந்து பாட்டை எடுத்துவிட்டு
மிச்சத்தை அடிப்பதுதான் டப் என்பான்.
மிச்சம் என்றால் என்னவென்று
பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
ஒருவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.
நாங்கள் அதைப் பேசியதும் இல்லை.

நோட்டீஸில் ட்ரோன் என்று போட்டது பிழை.
வெள்ளி பின்னேரம் மோட்டார்சைக்கிளில் இரண்டு பேர் வந்து
பறக்கவிட அனுமதி உண்டோ என்றார்கள்.
எங்கட ட்ரோன் பறக்காது சேர்,
அது கிடக்கும்.
நம்பாமல் கூரையைப் பார்த்தார்கள்.
கொம்பிரசரில் கை வைக்கச் சொன்னேன்.
ஒருவர் வைத்தார்,
எடுக்க மறந்து கொஞ்ச நேரம் நின்றார்.
பிறகு பெயர், அடையாள அட்டை எண்
எழுதிக்கொண்டு போனார்கள்.

கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுமென்று
வெளியூர்க்காரர் மைக் கொண்டு வருவார்கள்.
இங்கே பாடாத மீன்,
பெட்டி பெட்டியாய், வாய் திறந்தபடி.

சனி இரவு இரண்டு மணிக்குத் தொடங்கினோம்.
பதினொரு பேர்.
நாலு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.
கஞ்சா அடிச்சாத்தான் விளங்குமோ என்றான் ஒரு பொடியன்.
பிளேன்டீ போதும் என்றான் ஹில்மி.

ஒரே சத்தத்தை ஒரு மணித்தியாலம் கேட்டால்
அது ஒரே சத்தமாக இருப்பதில்லை.
உள்ளே யாரோ அரிசி புடைக்கிறார்கள்.
உள்ளே ஒரு ரயில் இரும்புப் பாலத்தில் ஏறுகிறது,
இறங்கவில்லை.
ஐஸ் பாளத்தின் நடு நரம்பு
பச்சையாகி, ஊதாவாகி,
கண்ணை மூடினாலும் அங்கேயே நிற்கிறது.
மழைக்கு வந்தவர்கள்
மழை விட்டும் போகவில்லை.

நாலு பத்துக்குக் கரண்ட் போனது.

கொம்பிரசர் நின்றது.
அப்போதுதான் எல்லோரும் நிமிர்ந்தார்கள்,
தோளில் யாரோ வைத்திருந்த கையை
எடுத்துக்கொண்டது போல.

ஹில்மியின் பெட்டிகள் லொறிப் பற்றரியில் ஓடின.
முற்றத்து மைக் திறந்தே இருந்தது.
அங்கே ஏலக்காரச் சித்திரவேல்
பாரை மீனுக்கு முதல் விலை கூறினார்:
ஆயிரத்து எழுநூறு!

எழுநூறு
என்றது கடல் குடித்த பெட்டி.
எழுநூறு.
நூறு.
                    நூறு.
          ஊறு.
                              று.

"மறுகா குறையுது! மறுகா குறையுது!"
நேசம்மா கூடையைத் தட்டிச் சிரித்தாள்.
"அந்தக் கடைசி விலைக்குத் தா!"

சித்திரவேலுக்குக் கோபம்.
இன்னும் உரத்துக் கூறினார்.
பெட்டி இன்னும் ஆழமாய் இறக்கியது.
தொண்டையைத் திருத்தினார்.
மெதுவாக, தன்பாட்டில்,
ஒரு ஓ மட்டும் விட்டுப் பார்த்தார்.
அது போய், சுவரைத் தடவி,
அகலமாகித் திரும்பி வந்தது.
அவர் வழிவிட்டு ஒதுங்கினார்.
இன்னொன்று விட்டார்.
ஹில்மி ஒரு விரலால் பேஸை அமுக்கி
அவருக்கு இடம் வைத்தான்.
பாரையின் விலையை ஒருவரும் கேட்கவில்லை.
நான் செய்ய ஒன்றுமில்லாமல்
செத்த இயந்திரத்தில் கை வைத்தபடி இருந்தேன்,
இன்னும் சூடு.

நாலு முப்பத்தேழுக்குக் கரண்ட் வந்தது.
மீன் ஆயிரத்து நானூற்றைம்பதுக்குப் போனது.
கொப்பியில் நாலரைக் கட்டம் வெறுமை.
முதலாளி கேட்டால்
அது ஹில்மி வாசித்த இடம் என்பேன்.