மீதி

கொன்டியோமாக்கி ரயில் சந்திப்பில்
இரவுப் பணி முடித்து வருகிறாள் இர்யா.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கையுறைகளைக் கணினிமேல் காயப்போடுகிறாள்.
முப்பத்துநாலு நாளாய் அணைக்கவில்லை;
அந்த அறையில் அதற்கு மட்டும் காய்ச்சல்.

அது சுமப்பது ஓர் எண்ணை.
இரண்டைப் பன்னிரண்டு கோடிக்கும் மேல்
அடுக்கி, கடைசியில் ஒன்றைக் கழித்தது.
இருமத்தில் எழுதினால்
ஒன்று, ஒன்று, ஒன்று என்றே போகும்,
சரக்கு வண்டியின் ஒரே மாதிரிப் பெட்டிகள்.
நடுவில் ஒரு சுழி கிடையாது.
ஆனால் அவள் காத்திருப்பது
ஒரு சுழிக்கு.

சோதனை எளிது.
நான்கில் தொடங்கு. வர்க்கமாக்கு. இரண்டைக் கழி.
எண்ணைத் தாண்டினால் வகுத்து
மீதியை மட்டும் வைத்துக்கொள்.
மறுபடி. மறுபடி.
அடுக்கில் இரண்டு குறைய, அத்தனை தடவை.
வெப்பமானியில் நிற்கும் முப்பத்தொன்றுக்குச் செய்துபார்:
நான்கு, பதினான்கு, எட்டு,
சுழி.
பகா எண்.

அடுக்கு பகா எண்ணாய் இருந்தால் மட்டும் போதாது.
பதினொன்றை நம்பிப் போனால்
இரண்டாயிரத்து நாற்பத்தேழில் விழலாம்:
இருபத்துமூன்றும் எண்பத்தொன்பதும்
சத்தமில்லாமல் கூட்டுக்குடித்தனம் நடத்தும் வீடு.

விடியாத காலை ஒன்பது மணிக்குக் கணக்கு முடிந்தது.
சுழி இல்லை.
எண்ணும் எழுத்தும் கலந்த பதினாறு குறிகள்,
பெருமீதி ஒன்றின் வால்நுனி.

"அப்படியானால் எது அதை வகுக்கிறது?"
தௌனோ கேட்டான், இஞ்சின் ஓட்டுபவன்,
காப்பியில் ரொட்டியை முக்கியபடி.
"தெரியாது."
"பிளவைப் பார்க்காமலே பிளந்ததென்கிறாயா?"

முந்தைய இரவு, நான்காம் தடத்தில்,
மரம் ஏற்றிய வண்டியின் சக்கரத்தை
அவள் சுத்தியலால் தட்டினாள்.
மணியாய் ஒலிக்க வேண்டியது
ஈரச் சாக்கைப் போல் தொத்தென்றது.
கழற்றி நிறுத்து என்றாள்.
கீறலை யாரும் கண்ணால் பார்க்கவில்லை.
கையெழுத்துப் போட்டவன் இதே தௌனோ.
அதை அவனுக்கு அவள் நினைவூட்டவில்லை.
ரொட்டியை எடுத்துக்கொண்டாள்.

கணினியும் தவறும்.
சூட்டில் ஒரு ஒன்று சுழியாய்ப் புரண்டால்
மிச்சமெல்லாம் பொய்.
ஆகவே வேறொருவர், வேறொரு கணினியில்,
முதலிலிருந்து தட்டிப் பார்க்க வேண்டும்.

ஜூனில், இங்கே இருட்டே வராத இரவொன்றில்,
உருகுவேயின் பாய்சாந்தூவில்
மாட்டு மருந்து விற்கும் வில்மார் எச்செவெர்ரியின் திரையில்
அதே பதினாறு குறிகள்.
ஒன்றுகூடப் பிசகவில்லை.

எனக்கு இதில் பிடித்தது அந்தச் சுழி அல்ல.
சுழி வந்திருந்தால் செய்தியாகியிருக்கும்.
யாருக்கும் வேண்டாத ஒரு மீதியை
முகம் தெரியாத இருவர்
உலகின் இரு முனையில் ஒரேபோல் அடைந்தார்களே,
அதுதான்.

அந்த எண்ணை வகுப்பது எது?
இன்றுவரை தெரியாது.
ஏதோ ஓர் எண் உள்ளே உட்கார்ந்திருக்கிறது,
கதவு தட்டப்பட்டது கேட்டும்
எழுந்து வராமல்.

இர்யா அடுத்த அடுக்கை இட்டாள்.
திரையில் நான்கு.
கையுறை இன்னும் ஈரம்.