நாற்பத்தொரு மூட்டை

நாரினில் அக்டோபரிலேயே பனி விழுந்துவிட்டது.
பிஷ்கெக்கிலிருந்து மினிபஸ்ஸில்,
உருளைக்கிழங்கு மூட்டைக்கும் ஒரு பழைய டயருக்கும் நடுவே
வந்து இறங்கியது என் கணினி.
"நல்லா ஓடும் அக்கா" என்று போனில் சொன்னான் விற்றவன்.
எது ஓடும் என்று சொல்லவில்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை நான்.
எழுதினால் செய்துகாட்ட
ஒரு சின்ன இடம்.

முதலாவது, இரண்டு இரவாக இறங்கியது.
தொண்ணூற்றேழு சதவீதத்தில் மின்சாரம் போனது.
மூன்றாம் இரவு முழுசாக வந்து, வாய் திறந்து,
அறுபத்துநான்கு பிட் இல்லையா என்றது.
இல்லை, முப்பத்திரண்டு.
மூடிக்கொண்டது.

அடுத்தது எட்டு ஜிபி நினைவகம் கேட்டது.
இருப்பதோ ஒன்று,
அதிலும் பாதியைத் திரை விழிப்பதற்குள்ளேயே தின்றுவிடும்.

இன்னொன்று எல்லாவற்றுக்கும் தலையாட்டியது.
'நிலக்கரி' என்று என் மொழியில் அடித்தேன்.
எங்களுக்கென்று இருக்கும் மூன்று எழுத்தில்
இரண்டு அந்தச் சொல்லில்தான்.
இரண்டும் வெறும் கட்டங்களாய் நின்றன,
பல் விழுந்த இடம் மாதிரி.

"கணினியை மாற்றிவிடேன்" என்றான் எர்மெக்,
அடுப்பில் கரி தள்ளிக்கொண்டே.
மாற்றலாம்.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
இன்னும் எத்தனை ஆயிரம் படுக்கை விரிப்பு
துவைத்தால் என்று பார்த்தேன்.
மாற்றவில்லை.

எக்ஸ்ரே அறைச் சோல்பொன்பெக்
சட்டைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவ் எடுத்துத் தந்தான்.
பழைய பதிப்பு, என் கணினியைவிடப் பழையது,
நாற்பது எம்பி கூட இல்லை.
உதவிப் பக்கங்கள் திறக்காது, வண்ணங்கள் கிடையாது.
விரலுக்குத் தகுந்த வீக்கம்.

நிறுவினேன். கேள்வியே கேட்கவில்லை.
வெள்ளைச் சன்னல். மின்னும் ஒரு கோடு.
அடித்தேன்:
மூட்டை நாற்பத்தொன்று.
மைனஸ் இருபது என்றால் நாளுக்கு அரை மூட்டை,
மைனஸ் முப்பது என்றால் முக்கால்.
இன்று டிசம்பர் பதினைந்து.
என்றைக்குத் தீரும்?

பிப்ரவரி இருபத்தாறு.

பிழையாகத்தான் இருக்கும் என்று
ஒவ்வொரு வரியாய் விரல் வைத்துப் படித்தேன்.
அடைப்புக்குறி சரி. கூட்டல் சரி.
ஏப்ரல் பாதிவரை இங்கே அடுப்பை அணைக்க முடியாது.
"எண்ணியதில் தப்பு" என்றான் எர்மெக்.
டார்ச்சை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனான்.
பனியில் அவன் காலடி போவதும் நிற்பதும் கேட்டது,
பிறகு ரொம்ப நேரம் எதுவும் கேட்கவில்லை.

தப்புதான்.
நாற்பதுதான் இருக்கிறதாம்.

ஓர் எண்ணை மட்டும் திருத்தினேன்.
ஓடியது.
விற்றவன் பொய் சொல்லவில்லை,
இமைக்கும் நேரம்கூட எடுக்காமல் ஓடியது:
பிப்ரவரி இருபத்துநான்கு.

எர்மெக் திரையைப் பார்த்தான்.
மண்வெட்டியில் இருந்ததில் பாதியை
வாளியில் திரும்பக் கொட்டினான்.