ஒட்டுச்சீட்டு

மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கு எதிர் மாடியில்
மைதாப் பசை காய்ச்சி வைத்திருக்கிறேன்.
புதுச் சட்டப் புத்தகம் வாங்க
வக்கீல் தணிகாசலத்துக்கு மனசில்லை.
"திருத்தத்தை மட்டும் டைப் பண்ணி ஒட்டும்மா."

வெட்டி வெட்டி ஒட்டுகிறேன்.
முன்பே இருந்தவை: தண்ணீர், பாதை, நிலம்.
பிறகு வந்தவை:
செருப்பு மாலை.
மொட்டை அடித்தல்.
மீசையை மழித்தல்.

மீசைக்கு ஒரு வரி.
யாரோ ஒருவன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு
ஏதோ ஒரு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்.
ஒருவன் போதாது.
எத்தனை பேர் உட்கார்ந்தபின் இந்தச் சொல் அச்சேறியது
என்று சீட்டில் இல்லை.
அரை அங்குலம்தான் சீட்டு.

போன மாதம் கூத்தப்பாக்கத்தில் வீடு பார்த்தோம்.
நல்ல வீடு. போர்த் தண்ணீர் உப்பில்லை.
அந்தம்மா காபி கொடுத்தார்,
அவர் குடித்த அதே மாதிரி டம்ளரில்.
பிறகு என் வீட்டுக்காரரைக் கேட்டார்:
"குறிஞ்சிப்பாடியில எந்தத் தெரு?"
சொன்னார். அவருக்குப் பொய் வராது.
வந்திருக்கலாம் என்று
ஒரு ராத்திரி நினைத்தேன், அதற்காக வெட்கப்பட்டேன்.
"அடடா, முந்தாநாள்தான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்தார்,
மறந்தே போச்சு பாருங்க."
கேட் வரை வந்து வழியனுப்பினார்.

வேலைக்கு வரும் பஸ் அந்த வழிதான்.
வீடு வாடகைக்கு என்ற பலகை
இன்னும் கேட்டில் தொங்குகிறது.
போன வார மழையில் சாயம் கரைந்து
நடுவில் ஒரு 'வா' மட்டும் தெளிவாக நிற்கிறது.

மிச்சத் தாளில் பென்சிலால் எழுதினேன்:
காலியாக உள்ள வீட்டை,
தெருப் பெயர் கேட்டபின், இல்லை என்று சொல்வது.
மீசைக்குக் கீழே வைத்துப் பார்த்தேன்.
இடம் இருக்கிறது.

தணிகாசலம் பின்னால் நின்று படித்திருக்கிறார்.
திட்டுவார் என்று பசைக் கிண்ணத்தை நகர்த்தினேன்.
கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.
"'சொல்வது' பத்தாது.
புரோக்கரை விட்டுச் சொல்லச் சொன்னா?
'நேரிலோ பிறர் மூலமோ', அதைச் சேர்.
சரி, எப்படி நிரூபிப்பே?"
"பலகை இருக்கு சார்."
"இன்னொரு மழை பெஞ்சா?"

போனை எடுத்து நீட்டினேன்.
பஸ் ஜன்னலிலிருந்து நாளுக்கு ஒன்று,
இருபத்திரண்டு படம்,
நாலைந்து குலுங்கிக் கலங்கியவை.

நாற்காலியை இழுத்துப் போட்டு
ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கிறார்.
நான் பென்சிலைச் சீவுகிறேன்.