நாய் படுத்தால் சரியாகும்

வேலந்தாவளம் எடைமேடையின் பதிவேட்டில்
ஜமீலாவின் சாய்ந்த எழுத்து, நீல மை:
"ராத்திரி 2.40. கம்ப்யூட்டர் இழுக்குது. லாரி இல்லை.
3.05. நாய் வந்து படுத்தது. சரியாயிடுச்சு.
3.30. நாய் போயிடுச்சு. மறுபடி இழுக்குது."
பதினோரு நாளாக இதே கதை.
முதலாளி மாதப்பன் அதைப் படமெடுத்து அனுப்பி
கீழே ஒரு கேள்விக்குறி மட்டும் வைத்திருந்தார்.

கோவையில், என் மேஜையில், அதே நிரல்
பகல் லாரிகளின் பதிவுகளைத் தின்று
சுற்றுக்கு மூன்று மில்லிசெகண்டில் ஓடியது.
நூறு முறை ஓட்டினாலும் மூன்று.
சூடாக இருக்கும் என்றேன். மின்னழுத்தம் என்றேன்.
விசிறியில் தூசு, வைரஸ், திருட்டு விண்டோஸ்
என்று பழிபோட ஆளில்லாமல் போனபின்
கடைசிப் பஸ்ஸில் ஏறினேன்.

கணவாய்க் காற்று அன்று தகரத்தைப் பிய்த்தது.
மேடை நடுங்கிக்கொண்டே இருந்தது.
நிரல் மூன்றிலேயே ஓடியது.
"நீங்க வந்தா மட்டும் ஒழுங்கா இருக்கு பாருங்க"
என்றாள் ஜமீலா, கட்டஞ்சாயா ஊற்றியபடி.
தக்காளி லோடு ஒன்று, தேங்காய் இரண்டு,
சீட்டு வேண்டாம் என்ற எம்-சாண்ட் ஒன்று.
மூன்று மணிக்குக் காற்று நின்றது.
கடைசி லாரி இறங்கி இரண்டேகால் நிமிடம்.
திரையில்
மூன்று, மூன்று, மூன்று, நாற்பது,
இருநூற்றுப் பத்து.

வெறும் மேடையில் அப்படி என்ன வேலை?
உள்ளே போவதை அச்சிட்டேன்: சுழி, சுழி, சுழி.
பத்துக் கிலோவுக்குக் குறைந்ததைச் சுழியென்றே கொள்
என்று எழுதிவைத்தவளும் நான்தான்.
வெளியே வருவதை அச்சிட்டேன்.

போன லாரியை வடிகட்டி இன்னும் விடவில்லை.
ஒவ்வொரு சுற்றிலும் பத்தில் ஒரு பங்கை உதறி
மீதியை வைத்துக்கொள்கிறது.
இருபத்தேழு டன். இருபத்து நான்கு சொச்சம்.
பிறகு கிலோ, பிறகு கிராம்,
முந்திரி, கீழ்முந்திரி, இம்மி,
அதற்கும் கீழே பெயர் வைக்க யாரும் போகாத இடத்தில்
புள்ளிக்குப் பின் முந்நூற்றுச் சொச்சம் சுழிகள் தாண்டி
ஓர் இரண்டு.
அங்கேயே நிற்கிறது.
பத்தில் ஒன்றைக் கழித்தால்
கிட்டத்தட்ட அதேதான் என்று திரும்ப அதையே எழுதுகிறது.
அவ்வளவு சிறியதற்குச் செயலியில் நேர்வழி கிடையாது.
பின்கதவால் போய், ஒவ்வோர் இலக்கமாகப் பெருக்கி,
வியர்த்து வருகிறது.
எட்டுச் சுமைக்கலங்கள், கலத்துக்கு இருநூறு வடிகட்டிகள்,
எல்லாம் இந்நேரம் வாளையாறைத் தாண்டிவிட்ட
ஒரு லாரியைத் தாங்கிக்கொண்டு.

நாய் வந்தது.
மேடையின் நடுவில் இரண்டு வட்டம் போட்டுப் படுத்தது.
மூன்று, மூன்று, மூன்று.
"நான் எழுதினேனா இல்லையா" என்றாள் ஜமீலா.

மாதப்பன் போனில் கேட்டார், என்ன வைத்தியம்?
இரண்டு உண்டு என்றேன்.
கண்ணுக்குத் தெரியாத ஒரு சுமையை எப்போதும் ஏற்றிவைக்கலாம்,
கொசுவின் கோடியில் ஒரு பங்கு,
காகிதத்தில் நாய் மாதிரி.
"எடைமேடையில் பொய் எடையா?
முத்திரை போட்டுப் போயிருக்கான்யா, முத்திரை."
அப்படியானால், இதற்குக் கீழ் எதுவும் இல்லை என்று
ஒரு கோடு கிழிக்க வேண்டும்.
"கிழி."

ஒரே வரி. எழுத நாற்பது விநாடி.
எங்கே கிழிப்பது என்று ஒரு சாயா நேரம் யோசித்தேன்.
எங்கே கிழித்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை,
ஆனாலும் யோசித்தேன்.

நாய் எழுந்து போனது. மூன்று, மூன்று.
பதிவேட்டில் ஜமீலா எழுதினாள்:
"4.50. நாய் இல்லை. இழுக்கலை."
நாய்க்குப் பெயர் உண்டா என்றேன்.
"இருபது கிலோ" என்றாள்.
"மேடை அப்படித்தான் காட்டும்."